தடுத்தலாகாது

கர்ர்ர்... கர்ர்ர்... டொம்.

இப்படித்தான், மேடம், கேட்டது. முதல் இரண்டும் இழுவை, மூன்றாவது ஒரே அடி. ராத்திரிச் சாப்பாடு முடிந்து, தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்து, வாசல் விளக்கைப் போட்ட கொஞ்ச நேரத்தில் கேட்டது. பிறகு ஒன்றுமில்லை. மறுநாளும் அதே நேரம். அதற்கு மறுநாளும்.

"நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடுங்க, மூணு நாளைக்குள்ள விளக்கம் வேணும்" என்று ஆய்வு முடிந்ததும் சொல்லிவிட்டுப் போனீர்கள். நடந்தது இந்தச் சத்தத்தில்தான் தொடங்குகிறது. அதனால் அதையே முதலில் எழுதிவிட்டேன். ஆங்கிலத்தில் என்றால் ஒரு பக்கத்தில் முடித்திருப்பேன். "தமிழ்லயே எழுதுங்க" என்று நீங்கள் சொன்னபோது சிரித்தீர்களா முறைத்தீர்களா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் முதியோர் இல்ல முதலாளி நயினார் சார், சிரித்தது என்கிறார். மூன்றாம் அறை மாசானம் ஐயா, முறைத்தது என்கிறார். அவர் சிறைத்துறையில் இருபத்தெட்டு வருடம் வார்டராக இருந்தவர். அதிகாரிகள் முகம் அவருக்குத்தான் தெரியும்.

என்னைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பெயர் ஹெப்சிபா, எல்லோருக்கும் எப்சி. பன்னிரண்டு வருடம் கான்வென்ட் படிப்பு. வீட்டுக்காரர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். மகள் ஜெமிக்கு இரண்டரை வயது. இந்த முதியோர் இல்லத்தில் நான்தான் மேற்பார்வை, நான்தான் அலுவலகம். சமையலறையை ஒட்டிய அறையில் நானும் பிள்ளையும் தங்கியிருக்கிறோம். பதினான்கு பெரியவர்களையும் சொந்தப் பிள்ளைகள் மாதிரிதான் பார்த்துக்கொள்கிறேன். இதை நீங்கள் அறிக்கையில் எழுதிக்கொண்டால் நல்லது.

சத்தத்துக்கு வருகிறேன்.

முதல் நாள் திருடன் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் வாய்க்கால் பக்கத்துப் பன்றி. மூன்றாம் நாள் என்ன நினைத்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சிலுவை போட்டுக்கொண்டேன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் நாள் நயினார் சாரைத் துணைக்கு வரச் சொன்னேன். அவர் ஒரு டார்ச்சும், நான் ஒரு விளக்குமாறும். சத்தம் ஏழாம் அறையிலிருந்து வந்தது. ஆவுடையம்மா அறை.

கதவைத் தள்ளினேன். அசையவில்லை. எனக்கு உயிர் போய்விட்டது.

"அம்மா! ஆவுடையம்மா!" என்று தட்டினேன்.

"யாரு?"

"நான்தான், எப்சி."

"எப்சியா? எப்சி தட்ட மாட்டாளே. அவ பாட்டுக்குத் திறந்துட்டுல்லா வருவா. நீ யாரோ திருடன்தான். போயிரு."

அப்புறம் மறுபடியும் அந்தக் கர்ர்ர். கதவு திறந்தது. உள்ளே ஒரு மர நாற்காலி, அதன்மேல் அவர்களுடைய இரும்புப் பெட்டி. ராத்திரியானால் நாற்காலியை இழுத்துக் கதவில் முட்டுக்கொடுத்து, மேலே பெட்டியைத் தூக்கிப் போடுகிறார்கள். எழுபத்தொரு வயதில்! இடுப்பு என்னத்துக்கு ஆகும்?

"ஏன்மா இப்படிச் செய்றீங்க?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் கண்டிப்பு வந்திருக்கலாம். ஜெமி மண்ணை வாயில் போட்டால் வருகிற கண்டிப்பு.

"தாழ்ப்பாள நீ கழத்திட்டல்லா. நாற்காலியையும் கழத்தப் போறியாட்டி?"

நயினார் சார் டார்ச்சை அணைத்துவிட்டு, "நான் முன்னால போறேன்" என்று நழுவிவிட்டார்.

நீங்கள் கேட்ட கேள்வி இதுதானே மேடம்: பதினோரு அறையிலும் உள்தாழ்ப்பாள் ஏன் கழற்றப்பட்டது? சொல்கிறேன். அதற்கு முதலில் ஜெமி கதையைச் சொல்ல வேண்டும்.

போன கார்த்திகையில் ஒருநாள் ஜெமி குளியலறைக்குள் போய், வாளியைக் கவிழ்த்து மேலே ஏறி, தாழைப் போட்டுவிட்டாள். போடத் தெரிந்தது, எடுக்கத் தெரியவில்லை. நாற்பது நிமிடம். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு சத்தமே இல்லை. அந்தச் சத்தமே இல்லாததுதான் மேடம்... செல்லப்பா ஆசாரி வந்து கதவை உடைத்தபோது தரையில் உட்கார்ந்து சோப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து தாழ்ப்பாள் என்ற சாமானைக் கண்டாலே எனக்கு ஆகாது. பெரியவர்கள் மட்டும் என்ன? உள்ளே தாழைப் போட்டுக்கொண்டு விழுந்தால்? மயங்கினால்? பதினோரு கதவுக்குப் பின்னால் பதினோரு சத்தமே இல்லாதது.

இந்த நிலைமையில்தான் உங்கள் சுற்றறிக்கை வந்தது. பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டுமானால் நாற்பத்தொரு விதிகளை நிறைவேற்றியிருக்க வேண்டும் என்று. நயினார் சார் அதை ஒரு தடவை புரட்டிவிட்டு, "ஏம்மா எப்சி, நீ கான்வென்ட்டுல படிச்சவ, பாத்து செஞ்சிரு" என்று கொடுத்துவிட்டார். கான்வென்ட்டில் படித்ததால்தான் எனக்கு அந்த ஆபீஸ் தமிழ் விளங்காது என்று அவருக்கு யார் சொல்வது?

இரண்டு நாள் உட்கார்ந்து படித்தேன். கழிப்பறையில் கைப்பிடிக் கம்பி, வைத்தேன். தீயணைக்கும் சிலிண்டர், வாங்கினோம். மாதம் ஒரு டாக்டர், வருகிறார். புகார்ப் பெட்டி, அதுவும் உண்டு; யாரும் தொட்டு உடைத்துவிடக் கூடாது என்று என் அறை அலமாரிக்கு மேலே பத்திரமாக வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு புகாரும் வந்ததில்லை என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

இருபத்தாறாவது விதியில்தான் வழுக்கினேன். அது இப்படி இருந்தது: "இல்லவாசிகள் தத்தம் அறைக் கதவுகளை உட்புறம் தாழிடலாகாதெனத் தடுத்தலாகாது."

மூன்று தடவை படித்தேன். வாய்விட்டும் படித்தேன். ஒரே வாக்கியத்தில் இரண்டு "ஆகாது". எங்கள் கான்வென்ட்டில் சிஸ்டர் ஃபெலிசிட்டா ஆங்கில இலக்கணம் எடுப்பார். ஒரு வாக்கியத்தில் இரண்டு மறுப்பு வந்தால் அது பிழை, ஒன்றை அடித்துவிட வேண்டும் என்பார். அடிக்காவிட்டால் நம்மை அடிப்பார். சரி, இது அச்சுப்பிழை, பாவம் யாரோ அவசரத்தில் இரண்டு தடவை போட்டுவிட்டார்கள் என்று நினைத்துச் சிவப்பு மையால் 'எனத் தடுத்தலாகாது' என்பதை அடித்தேன். அடித்தபிறகு "உட்புறம் தாழிடலாகாது" என்று அழகாக நின்றது. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது மேடம். அரசாங்கத்துக்கும் என்னை மாதிரியே பயம் இருக்கிறதே என்று.

செல்லப்பா ஆசாரி ஒரே நாளில் பதினோரு தாழையும் கழற்றினார். அதற்கும் முன்னால் என் அறைத் தாழைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதை ஒரு அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டிவைத்தேன்.

பெரியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மாசானம் ஐயா மட்டும் அன்றிலிருந்து நான் போகிறபோதெல்லாம் எழுந்து விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, "மூணாம் நம்பர் செல், ஆள் ஒண்ணு, கணக்கு சரி!" என்பார். பெரியவருக்கு என்மேல் அவ்வளவு மரியாதை.

ஆவுடையம்மாதான் கேட்டார்கள். "ஆர்டரக் காட்டு."

"அது ஆபீஸ் காகிதம்மா. கஷ்டமான தமிழ். உங்களுக்குப் புரியாது."

அவர்கள் என்னை ஒரு பார்வை பார்த்தார்கள். "அப்படியா? அவ்வளவு கஷ்டமாவா இருக்கு?"

"எனக்கே ரெண்டு நாள் ஆச்சும்மா."

"பாவம்ட்டி நீ" என்றார்கள்.

அவர்கள் ஆட்சியர் அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் தட்டச்சராக இருந்தவர்கள்தான். எனக்கும் தெரியும். ஆனால் டைப்பிஸ்ட் என்றால் யாரோ எழுதியதைப் பார்த்து அடிப்பதுதானே மேடம்? அர்த்தம் தெரிய வேண்டும் என்று என்ன இருக்கிறது?

நாற்காலியைக் கண்டுபிடித்த அன்று கட்டிலில் உட்கார்ந்து அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். விழுந்தால் யார் பார்ப்பது, மூச்சடைத்தால் யார் பார்ப்பது என்று. நான் ராத்திரி இரண்டு தடவை, விடியற்காலை ஒரு தடவை ஒவ்வொரு அறையாகப் போய்ப் போர்வை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதையும் சொன்னேன்.

"அதான் எனக்குத் தெரியுமே. மூக்குக்கிட்ட வெரல வச்சிப் பாக்குதல்லா?"

"நீங்க தூங்கலையா அப்ப?"

"மூக்குல வெரல வச்சா எவட்டி தூங்குவா? தும்மல் வந்துரக் கூடாதேன்னு அடக்கிக்கிட்டு கெடப்பேன். தும்முனா நீ டாக்டருக்கு போன் பண்ணிருவ."

நான் சிரிக்கவில்லை. அவர்கள்தான் சிரித்தார்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நாற்காலியில் இருந்த பெட்டியைத் தடவிக்கொண்டே பேசினார்கள்.

"எப்சி, நாங்க ஒம்பது பேரு. ரெண்டு ரூம் வீடு. கதவுன்னா அது தெருக்கதவுதான். அப்புறம் வேலைக்கு வந்து லேடீஸ் ஹாஸ்டல், ஒரு ஹால்ல பன்னெண்டு கட்டிலு. அப்புறம் தம்பி வீடு. தம்பி பொண்டாட்டி நல்லவதான். ஆனா எனக்குப் படுக்கை கூடத்துல. அவ்வோ டிவி பாத்து முடிச்சப்புறந்தான் நான் காலு நீட்டணும். கக்கூசு கதவத் தவிர வேற கதவுக்கு நான் தாழ் போட்டதே கெடையாது, தெரிஞ்சுக்கோ. இங்க வந்த அன்னைக்கு அந்தத் தாழப் போட்டேன். போட்டுட்டு சும்மா உக்காந்திருந்தேன். எனக்கு எழுபத்தொரு வயசு."

"அப்ப உள்ள என்னம்மா செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டேன். அதத்தான் செய்யணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதேன். ஆனாலும் அரசாணை அரசாணைதானே மேடம்? "மனசு எனக்கும் இருக்கும்மா, ஆனா கவர்மெண்ட் சொல்லிருச்சே" என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு, இடுப்பு நோகாமல் இருக்க அந்த நாற்காலியை நானே அலுவலக அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் அவர்கள் ஒரு நீளமான கவரைக் கொடுத்து, "ஸ்டாம்பு ஒட்டிப் பெட்டியில போட்டுரும்மா" என்றார்கள். மேலே உங்கள் அலுவலக முகவரி இருந்தது. ஓய்வூதியம் சம்பந்தமாக ஏதோ இருக்கும் என்று நானே நடந்து போய், திருச்செந்தூர் பஸ் நிற்கிற இடத்துத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு, விழுந்துவிட்டதா என்று பெட்டியைத் தட்டியும் பார்த்துவிட்டு வந்தேன். அவர்கள் கேட்டால் நான் இப்படி எவ்வளவோ செய்வேன். ஏன் சொல்கிறேன் என்றால், எங்களுக்குள் மனக்கசப்பு எதுவும் இல்லை என்று காட்டத்தான்.

அடுத்த வாரம் நீங்கள் வந்தீர்கள்.

ஜீப்பைப் பார்த்ததும் நயினார் சார் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டார். எனக்கோ, சான்று கிடைக்காமல் இல்லத்தை மூடிவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன் என்பதுதான் மனதில் ஓடியது. நீங்கள் கைப்பிடிக் கம்பியை இழுத்துப் பார்த்தீர்கள், சரி என்றீர்கள். சாம்பாரை ருசித்துப் பார்த்தீர்கள். புகார்ப் பெட்டி எங்கே என்றீர்கள். நான் ஸ்டூல் போட்டு ஏறி எடுத்துக் கொடுத்தேன். திறந்தால் ஜெமியின் பிஸ்கட் இரண்டு இருந்தது. அது புகார் இல்லை மேடம்.

பிறகு ஏழாம் அறைக்கு நேராகப் போனீர்கள். ஏன் நேராக அங்கே போனீர்கள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கதவின் உட்பக்கம் வரிசையாக இருந்த திருகாணித் துளைகளில் விரலை வைத்து, "இது என்ன?" என்று கேட்டீர்கள்.

"தாழ்ப்பாள் இருந்த இடம் மேடம்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். "உங்க ஆணைப்படி எல்லாத்தையும் கழத்தியாச்சு."

"எங்க ஆணைப்படியா?"

கோப்பை எடுத்து வந்து நீட்டினேன். சிவப்புக் கோட்டைப் பார்த்தீர்கள். வெகுநேரம் பார்த்தீர்கள். பிறகு கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டீர்கள். அந்த இடம்தான், சிரிப்பா முறைப்பா என்று எங்களுக்குள் தகராறு.

"இதை இங்க யாராவது வாசிக்க முடியுமா?" என்று கேட்டீர்கள். கட்டிலில் இருந்த ஆவுடையம்மா கையை நீட்டினார்கள். கண்ணாடிகூடப் போடவில்லை. சிவப்புக் கோட்டுக்கு மேலேயும் சேர்த்து ஒரே மூச்சில் வாசித்தார்கள், கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர், நட்சத்திரம் சொல்வது மாதிரி. பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினார்கள்.

"ஏட்டி எப்சி, இங்க வா. 'தாழ் போடக்கூடாது'ன்னு சொல்லித் தடுக்கக்கூடாது. அப்படின்னா என்ன அர்த்தம்?"

நான் விரலை மடக்கிப் பார்த்தேன். "போட... போடலாம்?"

"ஆங்!"

என் முகம் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், எதிரில்தானே நின்றீர்கள். "அப்படின்னா நேராவே 'போடலாம்'னு எழுதியிருக்கலாம்ல?" என்றேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், பதற்றத்தில் வந்துவிட்டது.

"நேரா எழுதுனா அது அரசாணைன்னு எவன் நம்புவான்?" என்றார்கள் ஆவுடையம்மா. வாசலில் நின்ற மாசானம் ஐயா, "மூணாம் நம்பர் செல், விடுதலை!" என்று கத்தினார்.

அதன்பிறகு நீங்கள் தனியாகக் கூப்பிட்டு, இதுபற்றி மனு வந்திருப்பதாகச் சொல்லி, அதில் ஒரு வரியை மட்டும் வாசித்தீர்கள்: "உறைவோர்தம் தனிமை பாதிக்கப்படலாகாதெனவும், அதன்பொருட்டு ஆய்வு மேற்கொள்ளப்படுதலில் தாமதம் நேரலாகாதெனவும் பணிந்து கோரப்படுகிறது." யார் போட்டது என்று மட்டும் சொல்ல மாட்டேன் என்றீர்கள்.

சொல்ல வேண்டாம் மேடம். நானே கண்டுபிடித்துவிட்டேன். அடுத்த வீட்டு வக்கீல் குமாஸ்தா. எங்கள் கொய்யா இலை அவர் முற்றத்தில் விழுகிறது என்று அவருக்கு ஒரு வருடமாகக் கோபம். இப்படித் தமிழ் எழுத இந்தத் தெருவில் வேறு யாருக்குத் தெரியும்? ஆவுடையம்மாவிடமும் என் சந்தேகத்தைச் சொன்னேன். "இருக்கும், இருக்கும். குமாஸ்தாக்காரங்கள நம்பவே கூடாது" என்றார்கள். பாவம், வெளியுலகம் தெரியாதவர்கள், அவர்களே ஒத்துக்கொள்கிறார்கள்.

இனி, திருத்த நடவடிக்கை. அதையும் எழுதச் சொன்னீர்கள்.

இன்று சாயங்காலம் செல்லப்பா ஆசாரி வந்தார். ஏழாம் அறையிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று ஆவுடையம்மா மத்தியானமே கதவடியில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அரிசிச் சாக்கிலிருந்து பழைய தாழை எடுத்தால், அது வேண்டாம், பெரியது வேண்டும் என்கிறார்கள். முதலாளி கடைக்குப் போய் இருப்பதிலேயே நீளமானதை வாங்கிவந்தார்.

"கோயில் கதவுக்குப் போடுத தாழும்மா இது" என்றார் ஆசாரி.

"போடும் வே. உள்ள சாமிதான் இருக்கு."

எனக்கு மனசு கேட்கவில்லை. விழுந்தால் என்ன செய்வது என்று மறுபடி கேட்டேன். நீங்கள் சொல்லிவிட்டுப் போன யோசனைப்படி ஆசாரி கதவின் கீலை மாற்றி, ஆணி வெளிப்பக்கம் வருகிற மாதிரி வைத்தார். அவசரம் என்றால் சுத்தியலால் ஆணியைத் தட்டி இரண்டு நிமிடத்தில் கதவையே எடுத்துவிடலாமாம். நான் உடனே கையை நீட்டினேன்.

"சுத்தியல அவ கையில குடுக்காதீரும்" என்றார்கள் ஆவுடையம்மா. "தெனம் ராத்திரி கதவக் கழத்திட்டு வந்து போர்வ சரியா இருக்கான்னு பாப்பா."

சுத்தியல் இப்போது மாசானம் ஐயாவிடம் இருக்கிறது. ரசீதில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார், நம்பமாட்டீர்கள்.

பேரம் பேசினோம். நான் ராத்திரி மூன்று தடவை தட்டுவேன் என்றேன். ஒன்று என்றார்கள். இரண்டு என்றேன். "ஒண்ணு. எட்டு மணிக்கு. நீ தட்டு, நான் 'இருக்கேன்'னு சொல்லுதேன். அதுக்கப்புறம் விடிஞ்சு நானா திறக்கிறவரைக்கும் நான் இருக்கேனா இல்லையாங்கிறது என் சொந்த விஷயம்." நயினார் சார், "நல்ல தீர்ப்பு" என்று சொல்லி வீட்டுக்குப் போய்விட்டார்.

எட்டு மணிக்குப் போனேன். ஜெமி இடுப்பில். தட்டினேன்.

"இருக்கேன்."

அவ்வளவுதான். தாழ் போடுகிற சத்தம் வரவில்லை. எனக்குச் சந்தோஷமாகிவிட்டது மேடம், மறைக்க மாட்டேன். பார்த்தாயா, இத்தனை அமர்க்களம் பண்ணிவிட்டு, கிடைத்ததும் வேண்டாமாகிவிட்டது, அவர்களுக்கும் உள்ளூரப் பயம்தான் என்று. அப்படியே சுவரோரம் நின்றேன். சும்மா, ஒரு நிமிடம்.

"எல்லாரும் போயாச்சா?" என்று உள்ளேயிருந்து குரல்.

நான் வாயைத் திறக்கவில்லை. ஜெமி வாயையும் பொத்திக்கொண்டேன்.

"எப்சி, நீ மூச்சு விடுதது கேக்கு."

"போறேன்மா. இதோ போறேன்."

"போ. நடந்து போ. காலு சத்தம் கேக்கணும்."

நடந்தேன். ஆறாம் அறை தாண்டி, ஐந்தாம் அறை தாண்டி, செருப்பை நன்றாகத் தேய்த்துத் தேய்த்து நடந்தேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று வைராக்கியமாகப் போய்க்கொண்டிருந்தேன். மாசானம் ஐயா அறை வாசலுக்கு வந்தபோதுதான் பின்னால் கேட்டது. இரும்பு இரும்பில் உரசி, மெதுவாக, அவசரமே இல்லாமல், அந்த நீளத் தாழ் முழுக்கவும் ஓடி உள்ளே போய் விழுந்தது.